டிவியில் பதிவான எச்டி நிகழ்ச்சியைக் கணினிக்குக் கொண்டுவந்து எடிட் செய்வது எப்படி?

செட்-டாப் பாக்ஸில் பதிவு செய்து வைத்த நிகழ்ச்சியைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்றதும் பலர் முதலில் தேடுவது கேப்சர் கார்டைத்தான். பாக்ஸிலிருந்து டிவிக்குப் போகும் கேபிளைக் கணினி வழியாகத் திருப்பி, ஓடுகிற படத்தை மறுபடி பதிவு செய்யும் கருவி அது. அதற்கும் இடம் உண்டு. ஆனால் வேறு எதுவும் நடக்காதபோது மட்டும் அதன் பக்கம் போங்கள்.

காரணம் எளிது. டிஜிட்டல் ஒளிபரப்பு ஆன்டெனாவுக்கோ டிஷ்ஷுக்கோ வந்து சேரும்போதே சுருக்கப்பட்ட டேட்டாவாகத்தான் வருகிறது. பதிவு வசதி உள்ள பாக்ஸ் அதை மறுபடி சுருக்குவதில்லை, வந்ததைப் பெரும்பாலும் அப்படியே டிஸ்க்கில் எழுதிவிடுகிறது. அந்த ஃபைலை எடுத்துவிட்டால் நிலையம் அனுப்பிய தரம் முழுசாக உங்கள் கையில். கேப்சர் செய்தால், பாக்ஸ் விரித்துக் காட்டும் படத்தைக் கணினி மறுபடி சுருக்குகிறது. அந்த இடத்திலேயே கொஞ்சம் தரம் போய்விடும், அது திரும்பி வராது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு போகிறது: படத்தை மறுபடி என்கோட் செய்வதாக, அதாவது புதிதாகச் சுருக்குவதாக இருந்தால் ஒரே ஒரு முறை, எல்லா வேலையும் முடிந்த பிறகு. அதுவரை செய்வதெல்லாம் காப்பி எடுப்பதும் வெட்டுவதும்தான்.

பதிவு எந்த வகை என்று முதலில் பாருங்கள்

கணினியில் பொருத்திய டிவி டியூனர், அல்லது எச்டிஹோம்ரன் போன்ற நெட்வொர்க் டியூனரை வைத்து மித்டிவி, டிவிஹெட்எண்ட், நெக்ஸ்ட்பிவிஆர் மாதிரி மென்பொருளில் பதிவு செய்கிறவர்களுக்கு மாற்றுகிற வேலையே இல்லை. ஃபைல் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. நேராக ஃபைலைச் சோதிக்கும் பகுதிக்குப் போய்விடலாம்.

ட்ரீம்பாக்ஸ் போன்ற, லினக்ஸில் ஓடும் ரிசீவர்களும், யுஎஸ்பி டிஸ்க்கில் திறந்த டிஎஸ் (டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம், ஒளிபரப்பு வரும் அதே வடிவம்) ஃபைலாக எழுதும் பாக்ஸ்களும் அடுத்த வகை. இவற்றில் ஃபைலைக் காப்பி எடுத்தால் போதும்.

மூன்றாவது வகையில்தான் சிக்கல். பல கட்டணச் சேவை பாக்ஸ்களும், யுஎஸ்பி டிஸ்க்கில் பதிவு செய்யும் பல டிவிகளும் பதிவை என்க்ரிப்ட் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கின்றன. சாவி அந்தக் கருவிக்குள்ளேயே இருக்கும். டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் ஃபைல் தெரியலாம், காப்பிகூட ஆகலாம், ஆனால் ஓடாது. அதே மாடல் டிவி இன்னொன்றில் மாட்டினாலும் பெரும்பாலும் ஓடாது.

எந்த வகை என்று தெரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை போதும். ஐந்து நிமிடம் எதையாவது பதிவு செய்து, அந்த ஃபைலை மட்டும் கணினிக்கு எடுத்து விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். படமும் சத்தமும் வந்தால் திறந்த ஃபைல். அளவு சரியாக இருந்தும் எதுவுமே ஓடவில்லை என்றால் என்க்ரிப்ட் ஆனதாகத்தான் இருக்கும். பெரிய ஃபைலை மணிக்கணக்கில் காப்பி எடுத்துவிட்டு இதைக் கண்டுபிடிப்பதில் அர்த்தமில்லை.

என்க்ரிப்ஷனை உடைக்கும் வழிகளை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிக்கிறது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984-லேயே அப்படித் தீர்ப்பளித்தது. ஆனால் பூட்டை உடைப்பது வேறு விஷயம், பல நாடுகளில் அதற்கென்றே தனித் தடை இருக்கிறது. எடிட் செய்ததை மற்றவர்களுக்கு வெளியிடுவதற்கும் தனி அனுமதி தேவைப்படும். உங்கள் நாட்டுச் சட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எவ்வளவு இடம் வேண்டும்?

கணக்கு இதுதான்: விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை 3600-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கான மெகாபைட் கிடைக்கும். அமெரிக்காவின் ஏடிஎஸ்சி என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் ஒரு சேனலுக்கு மொத்தம் 19.39 மெகாபிட். முழுவதையும் ஒரே நிகழ்ச்சி எடுத்துக்கொண்டால் மணிக்கு சுமார் 8.7 ஜிபி. எச்.264 என்ற சுருக்கும் முறையில் 8 மெகாபிட்டில் வரும் சேனல் என்றால் மணிக்கு 3.6 ஜிபி.

அசல் ஃபைலுக்கு ஒரு பங்கு, வெட்டிய பிரதிக்கு ஒரு பங்கு, கடைசி வெளியீட்டுக்கு ஒரு பங்கு என்று குறைந்தது மூன்று மடங்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். முழு எடிட்டிங் செய்வதாக இருந்தால் இது போதவே போதாது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபைலை வெளியே எடுப்பது

பாக்ஸில் நெட்வொர்க் வசதி இருந்தால் அதுதான் எனக்குப் பிடித்த வழி, டிஸ்க்கைத் தொடவே வேண்டாம். லினக்ஸ் ரிசீவர்களில் நெட்வொர்க் வழியாக ஃபைல் அனுப்பும் எஃப்டிபி சர்வர் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். பாக்ஸின் நெட்வொர்க் பக்கத்தில் ஐபி முகவரியைக் குறித்துக்கொண்டு, ஃபைல்ஜில்லா மாதிரி மென்பொருளில் அந்த முகவரியைக் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். பதிவுகள் பெரும்பாலும் ஹார்டு டிஸ்க்கில் மூவி என்ற ஃபோல்டரில் இருக்கும். பெரிய டிஎஸ் ஃபைலோடு அதே பெயரில் சில குட்டி ஃபைல்களும் தெரியும். நிகழ்ச்சியின் பெயர், விவரம், நீங்கள் வைத்த அடையாளப் புள்ளிகள் எல்லாம் அவற்றில்தான். எடிட்டிங்குக்குத் தேவையில்லை, ஆனால் பதிவு எந்தத் தேதியில் எந்தச் சேனலில் வந்தது என்று பின்னால் தேட உதவும், சேர்த்தே எடுங்கள்.

வைஃபையை நம்ப வேண்டாம், கேபிள் போடுங்கள். பாக்ஸில் 100 மெகாபிட் போர்ட் என்றால் விநாடிக்கு அதிகபட்சம் 11, 12 எம்பி வரும். 10 ஜிபி ஃபைலுக்கு கால் மணி நேரம். பாக்ஸின் பிராசசர் மெதுவானது என்றால் அதைவிடக் குறையும். காப்பி ஓடும்போது அதே பாக்ஸில் இன்னொரு நிகழ்ச்சி பதிவாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இரண்டு வேலையையும் தாங்காமல் புதிய பதிவில் ஓட்டை விழலாம்.

யுஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றிக் கணினியில் மாட்டுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. லினக்ஸ் பாக்ஸ்கள் டிஸ்க்கை எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் போன்ற முறைகளில் ஃபார்மேட் செய்திருக்கும். விண்டோஸால் இவற்றை நேரடியாகப் படிக்க முடியாது. மாட்டிய உடனே 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும். அங்கே சரி என்று அழுத்தினால் பதிவுகள் போச்சு. ரத்து செய்துவிட்டு, ஒரு பென் டிரைவில் உபுண்டு மாதிரி ஏதாவது லினக்ஸைப் போட்டு, நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். இந்த வகை டிஸ்க்குகளை லினக்ஸ் சாதாரணமாகத் திறந்துவிடும். அங்கிருந்து உங்கள் கணினியின் டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கலாம்.

சில பாக்ஸ்கள் ஃபேட்32 முறையில் எழுதும். அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது என்பதால், நீண்ட பதிவு துண்டு துண்டாக, 001, 002 என்ற எண்களோடு இருக்கும். இதைச் சேர்ப்பதில் வரிசை முக்கியம். டிஎஸ் என்பது 188 பைட் அளவுள்ள குட்டிப் பாக்கெட்டுகளின் நீண்ட வரிசை. பாக்ஸ் ஒரு துண்டை முடிக்கும்போது பாக்கெட்டின் நடுவில்கூட முடித்திருக்கலாம். அதனால் துண்டுகளைத் தனித்தனியாக எடிட்டரில் திறந்து ஒட்டினால் இணைப்பில் படம் உடையும், சத்தம் ஒரு கணம் நிற்கும். எந்த எடிட்டரிலும் திறப்பதற்கு முன்பே, பைட்டுக்குப் பைட் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸின் காப்பி கட்டளையை பைனரி முறையில் கொடுத்தாலோ, லினக்ஸிலும் மேக்கிலும் கேட் கட்டளையைக் கொடுத்தாலோ இது நடந்துவிடும். சேர்ந்த ஃபைலின் அளவு எல்லாத் துண்டுகளின் கூட்டுத்தொகைக்குச் சரியாக இருக்க வேண்டும்.

காப்பி முடிந்ததும் பாக்ஸில் உள்ள அளவையும் கணினியில் உள்ள அளவையும் பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். பாக்ஸில் இருப்பதை இப்போது அழிக்க வேண்டாம்.

வேறு வழியே இல்லாதபோது: கேப்சர்

எச்டிஎம்ஐ கேபிளில், காப்பி எடுப்பதைத் தடுக்கும் எச்டிசிபி என்ற பாதுகாப்பு இருந்தால் நேர்மையான கேப்சர் கருவி படத்தை ஏற்காது, கறுப்புத் திரைதான் வரும். பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று கேபிளில் போகும் கம்போனன்ட் வெளியீட்டுக்கு எச்டிசிபி கிடையாது. 2008-இல் ஹாப்பாஜ் வெளியிட்ட எச்டி பிவிஆர் என்ற கருவி இந்த வழியில்தான் எச்டி படத்தை வாங்கி எச்.264 ஆக்கியது. உங்கள் பாக்ஸ் பழையது, கம்போனன்ட் வெளியீடு இருக்கிறது என்றால் அப்படிப்பட்ட கருவி இன்றைக்கும் பயன்படும். புதிய பாக்ஸ்களில் அந்தத் துளைகள் பெரும்பாலும் இல்லை.

கேப்சர் செய்யும்போது பாக்ஸின் வெளியீட்டை ஒளிபரப்பின் அளவுக்கே வையுங்கள். 720 வரியில் வருவதை 1080-க்குப் பெரிதாக்கிப் பதிவு செய்தால் ஃபைல் பெரிதாகுமே தவிர விவரம் கூடாது. ஃபிரேம் வேகமும் ஒத்துப்போக வேண்டும். விநாடிக்கு 50 என்று வருவதை 60-இல் பதிவு செய்தால் அசைவில் விட்டுவிட்டு ஒரு துள்ளல் தெரியும், பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. பிட் அளவைத் தாராளமாக, 25 மெகாபிட்டுக்கு மேலே வையுங்கள். ஓபிஎஸ் ஸ்டூடியோவில் பதிவு செய்தால் எம்கேவி ஃபைலாக எழுதச் சொல்லுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் அதுவரை பதிவானது பிழைக்கும்.

வந்ததைச் சோதிப்பது

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து பாருங்கள். கோடெக் (படத்தைச் சுருக்கிய முறை) எம்பெக்-2-வா, எச்.264-ஆ, எச்இவிசி-யா? அளவு 1920க்கு 1080-ஆ, 1280க்கு 720-ஆ, 1440க்கு 1080-ஆ? கடைசியில் சொன்னதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில நிலையங்கள் அகலத்தைக் குறுக்கி அனுப்பும், பிளேயர் அதை 16க்கு 9 ஆக விரித்துக் காட்டும். சில கருவிகள் உயரத்தை 1088 என்று காட்டும். எம்பெக்-2-வும் எச்.264-உம் படத்தை 16 வரிக் கட்டங்களாகப் பிரிக்கின்றன. 1080 என்பது 16-ஆல் வகுபடாது என்பதால் 8 வரி கூடுதலாக வைத்து என்கோட் செய்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஸ்கேன் வகை என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். புரோகிரசிவ் என்றால் நல்லது. இன்டர்லேஸ்டு என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் இரண்டு வெவ்வேறு கணங்கள் இருக்கின்றன: ஒற்றை வரிகளில் ஒரு கணம், இரட்டை வரிகளில் அடுத்த கணம். இப்படிப்பட்ட பாதி வரித் தொகுதியைத்தான் ஃபீல்டு என்பார்கள். கணினியில் நிறுத்திப் பார்த்தால் அசையும் பொருளின் விளிம்பு சீப்பின் பல் மாதிரி தெரியும். பதிவு கெட்டுப்போகவில்லை, அதன் இயல்பே அதுதான். கடைசிக் கட்டத்தில் இதைச் சரிசெய்வோம்.

அடுத்தது நேரம். ஒரு மணி நேரப் பதிவை 26 மணி நேரம் என்று பிளேயர் காட்டுகிறதா? டிஎஸ் ஃபைலில் நேரக் குறியீடு 33 பிட் எண், விநாடிக்கு 90,000 என்று ஓடுகிறது. சுமார் 26.5 மணி நேரத்துக்கு ஒரு முறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பம் உங்கள் பதிவின் நடுவில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு எதையும் என்கோட் செய்யாமல் எம்கேவி பெட்டிக்கு (படத்தையும் சத்தத்தையும் சேர்த்து வைக்கும் ஃபைல் வகை) மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மழை, பலவீனமான சிக்னல் காரணமாகப் பாக்கெட்டுகள் விழுந்த பதிவுகள் கொஞ்சம் கடினம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் 0 முதல் 15 வரை சுற்றிவரும் ஒரு எண் உண்டு. அது தாண்டிக் குதித்தால் நடுவில் எதுவோ தொலைந்திருக்கிறது. டிஎஸ்டாக்டர் போன்ற மென்பொருள்கள் இதைப் பார்த்து எந்த நிமிடத்தில் ஓட்டை என்று பட்டியல் தரும், சத்தத்தையும் படத்தையும் மறுபடி நேர் செய்யும். ஓட்டை உள்ள பதிவில் ஆடியோவை நீங்களே தனியாகப் பிரித்து எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் படமும் சத்தமும் வெவ்வேறு அளவு இழந்திருக்கும், பிரித்து மறுபடி சேர்த்தால் போகப்போக உதடும் குரலும் விலகிக்கொண்டே போகும்.

விளம்பரத்தை மட்டும் வெட்ட வேண்டுமா?

அப்படியானால் முழு எடிட்டர் தேவையே இல்லை. லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் இரண்டும் இலவசம், இரண்டும் என்கோட் செய்யாமல் வெட்டும். ஒரு மணி நேர நிகழ்ச்சியை எழுத ஒரு சில நிமிடம்தான் ஆகும். என்னைக் கேட்டால், டிவி பதிவோடு வருகிற பெரும்பாலானவர்களுக்கு வேலை இங்கேயே முடிந்துவிட வேண்டும்.

இதில் ஒரே கட்டுப்பாடு, நினைத்த ஃபிரேமில் வெட்ட முடியாது. சுருக்கப்பட்ட வீடியோவில் முழுப் படமாக இருப்பது சில ஃபிரேம்கள் மட்டுமே. இவற்றைக் கீஃபிரேம் என்பார்கள். நடுவில் உள்ளவை எல்லாம் முன்னும் பின்னும் உள்ள படத்திலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புதான். அதனால் ஒரு துண்டு கீஃபிரேமில்தான் தொடங்க வேண்டும். எம்பெக்-2 ஒளிபரப்பில் பெரும்பாலும் அரை விநாடிக்கு ஒன்று கிடைக்கும், எச்.264-இல் இடைவெளி கூடுதலாக இருக்கலாம்.

அவிடெமக்ஸில் மேல், கீழ் அம்புக்குறியை அழுத்தினால் கீஃபிரேமுக்குக் கீஃபிரேம் தாவும். நிகழ்ச்சி மறுபடி தொடங்கும் இடத்துக்குச் சற்று முந்தைய கீஃபிரேமைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்துக்கும் நிகழ்ச்சிக்கும் நடுவில் ஒரு கணம் கறுப்புத் திரை வருமே, அங்கே வெட்டினால் யாருக்கும் தெரியாது. விளம்பரத்தின் வால் அரை விநாடி ஒட்டிக்கொண்டு வந்தாலும் பரவாயில்லை, வசனத்தின் முதல் சொல் போகக் கூடாது. அவிடெமக்ஸில் வீடியோ, ஆடியோ இரண்டும் காப்பி என்ற நிலையில் இருக்கிறதா என்று சேமிப்பதற்கு முன் பாருங்கள்.

முழு எடிட்டிங்

வெட்டுவதோடு நிற்காமல் எழுத்துப் போடுவது, நிறம் திருத்துவது, பல பதிவுகளிலிருந்து காட்சிகளைச் சேர்ப்பது என்றெல்லாம் செய்ய வேண்டுமென்றால் கேடென்லைவ், ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் மாதிரி எடிட்டர் வேண்டும். இங்கே டிஎஸ் ஃபைலை அப்படியே போட்டால் தகராறு செய்யும். சில எடிட்டர்கள் ஏற்கவே ஏற்காது. சிலவற்றில் படம் வரும், ஏசி-3 முறையில் சுருக்கிய ஆடியோ வராது. டாவின்சியின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264-ஐயே திறக்காது.

கணினி வேகமாக இருந்து எடிட்டரும் ஏற்றுக்கொண்டால், எம்கேவி அல்லது எம்பி4 பெட்டிக்கு மாற்றி ஆடியோவை மட்டும் 48 கிலோஹெர்ட்ஸ் பிசிஎம், அதாவது சுருக்காத ஆடியோ ஆக்கினால் போதும். ஷாட்கட்டிலும் கேடென்லைவிலும் பிராக்ஸி வசதி இருக்கிறது. எடிட் செய்யும்போது சின்னப் பிரதியைக் காட்டிவிட்டு வெளியீட்டின்போது அசலை எடுத்துக்கொள்ளும். எனக்கு இதுதான் சிக்கனமான வழியாகத் தெரிகிறது.

எடிட்டர் பிடிவாதம் பிடித்தால் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற இடைநிலைக் கோடெக்குக்கு மாற்ற வேண்டும். இதுவும் என்கோடிங்தான், நம் கொள்கைக்கு விதிவிலக்கு. ஆனால் இவை எடிட்டிங்குக்கென்றே செய்யப்பட்டவை, இழப்பு கண்ணுக்குத் தெரியாது. விலை வேறு இடத்தில் கொடுக்கிறோம்: புரோரெஸ் 422, 1080 வரியில் விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 122 மெகாபிட், மணிக்கு 55 ஜிபி. அதனால் முதலில் லாஸ்லெஸ்கட்டில் தேவையான பகுதிகளை மட்டும் வெட்டி எடுத்து, அவற்றை மட்டும் மாற்றுங்கள்.

புராஜெக்டின் ஃபிரேம் வேகத்தைப் பதிவின் வேகத்துக்கே வையுங்கள். 29.97 என்றால் 29.97, வட்டமாக 30 வேண்டாம். இன்டர்லேஸ்டு படத்தின் அளவைச் சின்னதாக்குவது, சுழற்றுவது போன்றவற்றைச் செய்வதாக இருந்தால், அதற்கு முன்பே டிஇன்டர்லேஸ் (இரண்டு கணங்களையும் முழுப் படங்களாக்குவது) செய்துவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு கணங்களின் வரிகளும் ஒன்றுக்குள் ஒன்று குழைந்துவிடும், பிறகு பிரிக்க முடியாது.

கடைசி வெளியீடு

டிவிடியில் எரிக்கவோ போனில் போடவோ தேவையில்லை, டிவியில் பார்த்தால் போதும் என்கிறவர்கள் வெட்டிய ஃபைலை அப்படியே வைத்துக்கொள்ளலாம். இன்டர்லேஸை டிவியே நன்றாகச் சமாளிக்கும்.

ஃபைலைச் சின்னதாக்க வேண்டும் என்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச என்கோடிங் மென்பொருள் போதும். முதலில் டிஇன்டர்லேஸ். விளையாட்டு, நடனம், செய்தி போன்றவை 50 ஃபீல்டுகளில் பிடிக்கப்பட்டவை. அவற்றுக்கு, ஒவ்வொரு ஃபீல்டையும் ஒரு முழு ஃபிரேமாக்கும் பாப் முறையைத் தேர்ந்தெடுத்து விநாடிக்கு 50 முழு ஃபிரேம் எடுங்கள், 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 59.94. 25-ஆகக் குறைத்தால் பந்து ஓடும் அந்த மென்மை போய்விடும். சினிமா வேறு கதை. 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் இன்டர்லேஸ்டு என்று குறியிட்டு வந்தாலும் சினிமாவின் இரண்டு ஃபீல்டும் பெரும்பாலும் ஒரே கணத்தைச் சேர்ந்தவைதான். வேகமாக அசையும் காட்சியில் நிறுத்திப் பாருங்கள். சீப்புப் பல் தெரியவில்லை என்றால் டிஇன்டர்லேஸையே அணைத்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 24 ஃபிரேமை நிரப்ப சில ஃபீல்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்புவார்கள். அதற்கு டிடெலிசின் என்ற வடிகட்டி இருக்கிறது, போட்டால் 23.976 திரும்பக் கிடைக்கும்.

தரத்துக்கு, பிட் அளவைச் சொல்வதைவிட எக்ஸ்264 என்ற எச்.264 என்கோடரின் நிலையான தர எண்ணைச் சொல்வது நல்லது. 18 முதல் 20 வரை வைத்தால் அசலுக்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது கடினம். எண் குறையக் குறைய தரம் கூடும், ஃபைலும் பெருக்கும். ஆடியோவைத் தொடாமல் காப்பி என்றே விடுங்கள். டிவிபி சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக வருவது, அதை வைத்துக்கொள்ள எம்கேவி பெட்டியைத் தேர்ந்தெடுங்கள், எம்பி4 அதை ஏற்காது.

முழு நிகழ்ச்சியையும் ஓட்டுவதற்கு முன் அசைவு அதிகமுள்ள இரண்டு நிமிடத்தை மட்டும் என்கோட் செய்து, எந்தத் திரையில் பார்க்கப்போகிறீர்களோ அதில் போட்டுப் பாருங்கள். திருப்தியாக இருந்தால் மீதியை ஓட்டுங்கள். முடிந்ததும் ஒவ்வொரு வெட்டுக்கும் பத்து விநாடி முன்னும் பின்னும் பாருங்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் உதடும் குரலும் சேர்ந்து போகிறதா என்று கவனியுங்கள். எல்லாம் சரி என்றான பிறகு பாக்ஸில் உள்ள பதிவை அழித்து அடுத்த நிகழ்ச்சிக்கு இடம் விடலாம். அசல் டிஎஸ் ஃபைல் மறுபடி கிடைக்காத நிகழ்ச்சி என்றால், அதை மட்டும் வெளி டிஸ்க் ஒன்றில் தனியாக வைத்திருங்கள்.